பெர்லினில் விழாத சைக்கிள்

1

இந்தக் கதை ஒரு சைக்கிள் சீட்டிலிருந்து பிறந்தது. ஆழ்ந்த வேதனையிலிருந்து பிறந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். கௌரவமான எழுத்தாளர்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் நடந்தது இவ்வளவுதான்: மாம்பழச் சாலை முக்கில் வெற்றிலை வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு மனிதன் சைக்கிளில் போனான். ஆள் ஒட்டடைக் கம்பு. சீட்டோ, ஒரு ஜமீன்தார் சம்மணமிட்டு உட்கார்ந்து பஞ்சாயத்துப் பண்ணுகிற அகலம். பெரிய தாம்பாளத்தில் வைத்த ஒற்றைக் கொட்டைப்பாக்கு மாதிரி அவன் அதன்மேல் இருந்தான். பாக்கின் முகத்தில் பரம திருப்தி.

இந்த சீட் இவனுக்காகத் தைத்ததல்ல. அப்படியானால் யாருக்காக?

நிறுத்திக் கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மை தெரிந்துவிடும்; தெரிந்தபிறகு கதை எழுதுவது சிரமம். ஆகவே வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவனுக்குக் காத்தான் என்று பெயர் வைத்தேன்.

2

தொடக்கம் ஒன்று:

மலைக்கோட்டை உச்சியில் இளஞ்சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி—

(நிறுத்திவிட்டேன். திருச்சியைப் பற்றி எழுதுகிறவன் மலைக்கோட்டையில்தான் ஆரம்பிக்கவேண்டும் என்று முனிசிபாலிட்டி விதி ஏதும் இல்லை. தவிர, சூரியனுக்குக் கரங்கள் இருந்தால் அவனே வீடு வீடாகப் பேப்பர் போட்டுவிடுவான். காத்தான் எதற்கு?)

தொடக்கம் இரண்டு:

சலசலத்து ஓடும் காவிரியின் கரையில்—

(கதை நடப்பது 1943, மே மாதம். அந்த மாதம் காவிரியில் ஓடியவை நாய்கள் மட்டும்.)

தொடக்கம் மூன்று. அலங்காரம் இல்லை; அதனால் இதுவே நிற்கட்டும்:

காத்தானுக்குத் தொழில், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் பேப்பர் போடுவது. பட்டணத்தில் அச்சாகும் பேப்பர் ரயிலில் வரும். அந்த ரயில் ஸ்ரீரங்கத்தைத் தாண்டித்தான் திருச்சி ஜங்ஷனுக்குப் போகும். அதாவது சந்தாதாரர்கள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தி அவர்கள் மூக்குக்கு முன்னால் கூவிக்கொண்டு போய்விடும். ஸ்ரீரங்கத்தில் ஒரு கட்டைத் தூக்கிப் போட்டால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. ஏஜெண்ட் ஆபீஸ் ஜங்ஷனில் இருக்கிறது. ஏஜெண்ட் கை படாமல் செய்தி செய்தியாகாது. ஆகவே பேப்பர் ஜங்ஷனில் இறங்கி, ஏஜெண்ட் கையால் பிரிக்கப்பட்டு, காத்தான் தோளில் ஏறி, பாலக்கரை, சத்திரம், காவிரிப் பாலம் எல்லாம் நடந்து, வந்த வழியே ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும்.

நிர்வாகம் என்பது இதுதான்.

3

ஏஜெண்ட் இருதயநாதன் நல்ல மனிதர். அவரை வில்லனாக்க இரண்டு முறை முயன்று தோற்றேன்.

"காத்தான், சித்திரை வீதியில எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவினப்புறம்தான் பேப்பர் வருதாம். கை துடைக்கவா பேப்பர் அனுப்புறீங்கன்னு கேக்குறாங்கப்பா."

"நடந்துதானே சார் போறேன். இருக்கிறது ரெண்டு காலு."

"அதான் சொல்றேன். வர்ற ஒண்ணாந்தேதியிலேருந்து ஸ்ரீரங்கம் லைனு சைக்கிள் வச்சிருக்கிற ஆளுக்குத்தான். லால்குடிக்காரன் ஒருத்தன் சைக்கிளோட வந்து நிக்கிறான்."

"சண்டைக் காலத்துல சைக்கிளுக்கு எங்க சார் போவேன்? பெரிய பெரிய மனுஷங்களே டயருக்கு பர்மிட் கேட்டு நிக்கிறாங்க."

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொல்றேன். என்ன பண்ணச் சொல்ற?"

காத்தானுக்கு வேறு தொழில் தெரியாது. தெரியும் என்று எழுதிப் பார்த்தேன். பக்கத்து வரியிலேயே பொய் பல்லைக் காட்டியது. சைக்கிள் இல்லையென்றால் லைன் இல்லை. லைன் இல்லையென்றால் உறையூரில் அவன் வீட்டு அடுப்பு இல்லை. கதையில் பணயம் வைத்திருப்பது இதைத்தான். உலக யுத்தம் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது. அதை யாரும் பொருட்படுத்த வேண்டாம்.

4

அந்த யுத்தத்துக்கு அப்போது இரும்பு வேண்டியிருந்தது. பழைய இரும்பைக் கொடுங்கள், குண்டாக்கி எதிரி தலையில் போடுகிறோம் என்று சர்க்கார் கேட்க, ஊர் கொடுத்தது. எல்லாம் பாலக்கரையில் ஒரு கிடங்கில் வந்து குவிந்தது. (அப்படி ஒரு கிடங்கு இருந்ததா என்று பாலக்கரையில் போய் விசாரிக்காதீர்கள். இந்தக் கதைக்காக நான் கட்டியது. கூரை மட்டும் பாக்கி.)

கிடங்கில் எடை போடுகிறவர் ரசூல் பாய். தராசுக்கு முன்னால் ஒரு ஸ்டூல், வாயில் பீடி, கண்ணில் சகல ஜன்னல் கம்பிகளையும் பார்த்துவிட்ட அலுப்பு. அங்கே ஒரு வழக்கம் இருந்தது: எடைக்கு எடை. குவியலில் உங்களுக்கு ஏதாவது பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அதே எடைக்கு வேறு இரும்பைக் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். கிடங்கைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு எடை குறையக்கூடாது, அவ்வளவுதான். எந்த இரும்பு என்று குண்டும் கேட்பதில்லை, குண்டு விழுகிறவனும் கேட்பதில்லை.

காத்தான் தினம் அந்த வழியாகத்தான் நடந்தான். ஏஜெண்ட் சொன்ன அன்று திரும்பி வரும்போது உள்ளே நுழைந்தான். குவியலில் சைக்கிள்கள் கிடந்தன: முன்சக்கரம் மட்டும் உள்ளது, சக்கரமே இல்லாதது, லாரி ஏறி எட்டாக வளைந்தது. அவற்றுக்கு நடுவே ஒரு பிரேம், எலும்பு நேராக, முறுக்குக் குலையாமல். அதன்மேல் ஒரு சீட்.

அந்த சீட்டை அவனுக்குத் தெரியும்.

"பாய், இது நம்ம அழகிரி ஐயா வண்டியாச்சே. கீழச் சித்திரை வீதி."

"யாரு வண்டியா இருந்தா என்னா? குடுத்தாச்சு, வந்தாச்சு. நிக்காஹ் முடிச்சு அனுப்பின பொண்ண வாப்பா திரும்பக் கேப்பாரா?"

"மீட்டிங் போட்டுக் குடுத்தாரு பாய். மாலையெல்லாம் போட்டு."

"மாலைக்கு எடை இல்ல. அப்பவே ஆடு தின்னுருச்சு."

இங்கே அழகிரிசாமி நாயுடுவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் சர்க்கார் பட்டம் பெற்ற ராவ் சாகிப் இல்லை; ராவ் சாகிப் ஆகப்போகிறவர். பல வருஷமாக ஆகப்போகிறவர். யுத்த நிதிக் கூட்டத்தில் தம் சீமைச் சைக்கிளைத் தானமாகக் கொடுத்துப் பேசினார்: "இந்த வாகனம் இதுகாறும் என்னைச் சுமந்தது. இனி என் தேசபக்தியைச் சுமந்துகொண்டு பெர்லின் நகரத்தின் மீது விழும்." கைதட்டல் நீடித்தது. அவர் சைக்கிளில் ஏறிப்போய் யாரும் பார்த்ததில்லை என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைக்கவில்லை. வேலைக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போவான்; இவர் பின்னால் நடந்து போவார். அதுவே பெரிய கௌரவமாக இருந்தது. சீட் மட்டும் அவர் அளவுக்கு, குதிரைச் சேணம் தைப்பவனிடம் சொல்லித் தைத்தது.

(சந்தேகம்: இவர் ரொம்பச் சுலபமாக அகப்பட்டுவிட்டாரோ? கிண்டல் எழுதுகிற ஒவ்வொருவனும் மேஜை இழுப்பறையில் ஒரு பருத்த பணக்காரரை மடித்து வைத்திருப்பான். கதை படுத்தால் எடுத்து உதறுவான். ஆகவே நியாயத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். அழகிரி, வெயிலில் வரும் காத்தானுக்கு மோர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. உப்பும் இருக்கும்.)

"எவ்வளவு எடை பாய்?"

ரசூல் பாய் பிரேமைத் தராசில் வைத்தார். சீட்டைக் கழற்றித் தனியாகத் தூக்கிப் போட்டார்.

"இது தோலு. யுத்தத்துக்கு இரும்புதான் வேணும், தோலு வேணாம். சும்மா எடுத்துக்க."

கதையில் இலவசமாக வருகிற பொருள்தான் ஆளைக் கவிழ்க்கும். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். காத்தானுக்குத் தெரியாது.

5

இனிமேல் ஒரு பக்கம் முழுக்க இரும்பு. காதல் எதிர்பார்ப்பவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் காதல் இருக்கிறது.

எடைக்கு எடை போட காத்தான் ஊரெல்லாம் இரும்பு பொறுக்கினான். ஜட்கா வண்டியின் உடைந்த அச்சு. கிணற்று ராட்டினம். யாரோ கழற்றி எறிந்த சாக்கடைக் கம்பி மூடி. அப்படியும் தராசு முள் நடுவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியைப் பார்த்தான்.

"அங்க என்ன பார்வை?" என்றாள் அவன் மனைவி வீராயி.

"அந்த இரும்புச் சட்டி விரிஞ்சுதானே கிடக்கு."

"விரிஞ்சா என்ன? ஓரத்துல வச்சு நான் வதக்கலியா?"

"சைக்கிள் வந்தா..."

"வந்தா? என்னைப் பின்னாடி உக்கார வச்சு ஊர்கோலம் போவியாக்கும்? சட்டியக் குடுத்துட்டுத் துருவ வாங்கியாரப் போற மகராசன்!"

சட்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். எதற்குக் கழுவினாள் என்று கேட்டதற்கு, "சீமைக்குப் போகுதுல்ல, நாலு பேரு பாப்பாங்க" என்றாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஆகவே அந்த வருஷம் பெர்லின்மீது ஏதாவது விழுந்திருந்தால், அது அழகிரிசாமி நாயுடுவின் தேசபக்தி அல்ல, வீராயியின் வதக்குச் சட்டியும், உறையூர்ச் சாக்கடை மூடியும்தான். எதிரிக்கு எது அதிகம் வலித்திருக்கும் என்பதை ராணுவ நிபுணர்களிடம் விடுகிறேன்.)

பிரேமின் துருவைச் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தான். முன்சக்கரம் வேறு ஒரு சைக்கிளினுடையது, பின்சக்கரம் இன்னொன்றினுடையது. இரண்டும் ஒன்றையொன்று முன்பின் பார்த்ததில்லை. வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரங்களைச் சுற்றிவிட்டு, எங்கே ஆடுகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கம்பி கம்பியாக முறுக்கிப் பெண்டெடுத்தான். முதல் நாள் சக்கரம் முட்டை மாதிரி ஓடியது. மறுநாள் அப்பளம் மாதிரி. அதற்கும் மறுநாள் வீராயி, விளக்குமாறும் கையுமாக நின்றவள், "இப்ப ஆடல" என்றாள். அவள் சொன்னபிறகுதான் அவனுக்கு நம்பிக்கை வந்தது.

டியூப் கிடைக்கவில்லை. கிழிந்த டயரைத் தைத்து உள்ளே தேங்காய்நார்க் கயிறு திணித்தான். காற்று இறங்காத சைக்கிள். ஒரே குறை, கல்லில் ஏறினால் கல்லின் ஜாதகமே முதுகெலும்பில் தெரியும். அதற்குத்தான் அந்த சீட். வேறு சீட் போட்டிருக்கலாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றான்.

பிரேமுக்கு விளக்குக் கரியை வார்னிஷில் குழைத்துப் பூசினான். வாசலில் நிறுத்தினான். இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் வீராயி. "உன்னைத்தான் மாத்தணும்."

5 (அ)

இங்கே தத்துவம் பேச ஓர் இடம் இருக்கிறது. பிரேம் ஒருவருடையது, சக்கரங்கள் இருவருடையவை, கயிறு ஊருடையது, மாற்று இரும்பு வீராயியுடையது என்றால், சைக்கிள் யாருடையது? ஆன்மா எது, சரீரம்—

(வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. ஒருமுறை ஆரம்பித்தால் நான் கதை முடித்துப் பேரன் எடுத்தபிறகும் இரண்டு கட்சியும் நின்றுகொண்டிருக்கும்.)

6

ஒண்ணாந்தேதி காத்தான் சைக்கிளோடு ஜங்ஷனில் போய் நின்றான். இருதயநாதன் சைக்கிளைச் சுற்றி வந்தார். சீட்டை மட்டும் இரண்டு தடவை சுற்றினார். பேப்பர் கட்டை எடுத்துக் காத்தான் தோளில் போட்டார். லால்குடிக்காரன் தன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

பாலத்தின்மேல் காற்று எதிர்த்து வந்தது. காத்தான் எழுந்து மிதித்தான். ஜட்காக்களைத் தாண்டினான். தன்னோடு தினம் நடந்து வந்த தயிர்க்காரிகளைத் தாண்டும்போது, "யாரு, நம்ம காத்தானா? எந்த சமஸ்தானத்துக்குப் போறாரு?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவன் திரும்பவில்லை, திரும்பினால் விழுந்துவிடுவான்.

இனி அவன் செய்த தப்பு.

அழகிரி சைக்கிளைப் பார்த்துவிடக்கூடாது என்று அவன் நினைத்தான். குடுத்தது குடுத்ததுதான் என்று பாய் சொல்லலாம். பெரிய வீட்டில் கேட்டால் யார் போய்ச் சட்டம் பேசுவது? ஆகவே அவர் வீட்டுக்குமட்டும் நடந்து போவது என்று வைத்துக்கொண்டான். எல்லா வீட்டுக்கும் சைக்கிளில் போட்டுவிட்டு, கடைசியாக வீதி முனையில் ஒரு பந்தல் காலில் சைக்கிளைச் சாத்தி, முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல், பழையபடி நடந்து வந்தவன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு போய்ப் பேப்பரை நீட்டினான். அழகிரி மோர் கொடுத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

காத்தானுக்குப் புரியாமல் போனது ஒன்று உண்டு. அழகிரி பேப்பர் வாங்கியது படிப்பதற்கு அல்ல, சொல்வதற்கு. வாசலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு வக்கீல் சம்பத்து வெளியே வரும்போது, "கேட்டீரா? ஆப்பிரிக்காவிலே முடிஞ்சுபோச்சு" என்று எடுத்துவிடுவதில்தான் அவருடைய காலைப்பொழுதே இருந்தது. ஆப்பிரிக்காவை அவரே முடித்துவைத்த மாதிரி இருக்கும். முன்பு எல்லாருக்கும் லேட், ஆகையால் பாதகமில்லை. இப்போது வீதி முழுக்க முதலில் படித்துவிட்டது. அவர் வாயைத் திறந்தாலே வக்கீல், "ஆமாம் ஓய், காலம்பறயே பாத்தேன்" என்கிறார்.

வாரக் கடைசியில் இருதயநாதன் கூப்பிட்டார்.

"எல்லாரும் உன்னைக் கொண்டாடுறாங்க. கீழச் சித்திரை வீதி நாயுடு ஒருத்தர்தான் கம்ப்ளெயிண்ட். வேணும்னே கடைசியில போடுறியாம். மேலிடத்துக்கு எழுதப்போறேங்கிறாரு. நாளைக்கு அவருக்கு முதல்ல போகலன்னா, லால்குடிக்காரனைக் கூப்பிடறதத் தவிர எனக்கு வழியில்ல, காத்தான்."

முதலில் போடவேண்டுமானால் சைக்கிளில் போகவேண்டும். சைக்கிளில் போனால் சீட் தெரியும். நடந்தால் லைன் போகும்; ஏறினால் சைக்கிள் போகும்; சைக்கிள் போனால் லைனும் போகும். இந்த முடிச்சைப் போட்டபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அவிழ்க்க உட்கார்ந்தபோது போய்விட்டது.

வீராயியிடம் சொன்னான். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "கேட்டா, எங்கேருந்து வந்துச்சோ அதச் சொல்லு. நீ திருடினியா? என் சட்டி போயிருக்கு."

7

மறுநாள் காலை காத்தான் நேராக அழகிரி வீட்டு வாசலுக்கே சைக்கிளில் வந்து இறங்கினான்.

"பேப்பருங்க ஐயா."

அழகிரி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார் (துள்ளி என்பது மிகை, எழுந்தார்). பேப்பரை வாங்கினார். மடிப்பைப் பிரிக்கப் போன கை அப்படியே நின்றது. கண் சீட்டில் இருந்தது. கிட்டே வந்தார். உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினார். சுருள்கம்பி கிறீச்சென்றது.

"ஏதுடா இந்த வண்டி?"

"பாலக்கரை இரும்புக் கிடங்குலேருந்துங்க. எடைக்கு எடை போட்டு எடுத்தேன். என் சம்சாரத்தோட சட்டி வரைக்கும் போட்டிருக்கேன். நானே பூட்டினதுங்க."

அந்த நேரம் பார்த்து வக்கீல் சம்பத்து சொம்பும் கையுமாக வெளியே வந்தார்.

"என்ன ஓய், அதுக்குள்ள பேப்பர் வந்துடுத்தா? அட! இது உம்ம சைக்கிளாட்டம்னா இருக்கு! பெர்லினுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துடுத்தோ?"

(இந்த இடத்தில் கதை ஒரு வாரம் நின்றது. கிழித்துப் போட்டவை இவை:

"ஆமாம், என்னுடையதுதான்!" என்று அழகிரி கர்ஜித்து— பிறகு? கூட்டத்தில் வாங்கிய கைதட்டலை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். வைகுண்ட ஏகாதசி வரை வீதி சிரிக்கும்.

அழகிரியின் கண்கள் கலங்கின. உழைப்பின் மேன்மையை அன்றுதான்— எனக்கு இன்னும் அவ்வளவு வயதாகவில்லை.

பேனாவைக் கீழே வைத்தேன். சிக்கிக்கொண்டவர் அவர், அவரே பேசட்டும்.)

"வக்கீலுக்குக் கண்ணு மங்கிப்போச்சு," என்றார் அழகிரி. "என் வண்டி குண்டாயி, விழவேண்டிய இடத்துல விழுந்து, தூளாயிருக்கும் இந்நேரம். இது எவனோ கெட்டு நொந்தவன் வண்டி. பாரும், டயருக்குள்ள கயிறு திணிச்சிருக்கான்."

"அது சரி. இந்த சீட்?"

"சீட்டுக்கென்ன?"

"இந்த அகலத்துக்கு..."

"ஏன், இந்த ஊர்ல என்னைவிட்டா வேற பெரிய மனுஷனே கிடையாதா?"

அழகிரிசாமி நாயுடு தம் வாழ்நாளில் முதல் தடவையாக அப்படி ஒரு சாத்தியத்தை ஒப்புக்கொண்டார். வக்கீல் சொம்பைக் கை மாற்றிக்கொண்டார்.

"காத்தான்," என்றார் அழகிரி, உரத்த குரலில், வீதிக்கும் சேர்த்து. "இது உன் வண்டி. எவனாவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. நாளைக்கும் இதே நேரத்துக்கு வரணும். முதல்ல இங்க."

"சரிங்க ஐயா."

பிறகு பேப்பரை விரித்து, கண்ணாடியை ஏற்றி, வக்கீல் பக்கம் திரும்பினார். "கேட்டீரா சேதி?"

வக்கீல் கேட்கவில்லை. கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது. பேப்பர் அவர் வீட்டுக்கு இன்னும் போடவில்லை.

8

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலை ஒன்று இருக்கிறதே. வக்கீல் இன்னும் எழுந்திருக்கவில்லை. வீதியில் கோலம் போடுகிறவர்கள்கூட அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்கள். அழகிரி பேப்பரை வாங்கி, பிரிக்காமலே அக்குளில் இடுக்கிக்கொண்டு, சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஏதோ சொல்லப்போகிறார்.

என்ன சொன்னார்? மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், "சீட்டை மட்டும் கழட்டிக் குடுத்துடுடா, வேற வாங்கித் தரேன்" என்கிறார். அவர் கேட்கக்கூடியதுதான், வக்கீலும் விடுகிற ஆள் இல்லை.

இன்னொன்றில் வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஏண்டா, இதுல விழாம ஏறுறது எப்படி?" என்கிறார். இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது.

மூன்றாவதில் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு, கயிற்று டயரை ஒருமுறை காலால் உதைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார். உண்மை இப்படித்தான் இருக்கும். உண்மைக்கு எப்போதும் கொஞ்சம் சுவாரசியம் குறைவு.

நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: எதை எடுத்தாலும் காத்தானை இறக்கிவிடக் கூடாது. வண்டி அவனுடையது என்று ஏற்கெனவே வீதியறியத் தீர்ப்பாகச் சொல்லியாகிவிட்டது. நான் நினைத்தாலும் இனி மாற்ற முடியாது.

நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் ஒரு காலைப் பெடலில் வைத்து, மறுகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கிறான். தோளில் பை கனக்கிறது. அழகிரி வாயைத் திறக்கிற மாதிரித் தெரியவில்லை. நானும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை. காத்தான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

"சீக்கிரம் சொல்லுங்க சார். வடக்குச் சித்திரை வீதிக்கு இன்னும் போடல."

போப்பா, போ. படிக்கிறவர்கள் யோசித்துக்கொண்டிருக்கட்டும்.